முதல் ஏபிஎஸ் கார் எது? மின்னியல் பிரேக்கின் வரலாறு



புதிர்ப்போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும்போது நமக்கெல்லாம் கைகொடுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. “உலகின் முதல் இன்னது எது?” ஒரு வரியில் கேள்வி, ஒரு சொல்லில் விடை, திருத்துவதும் சுலபம். வரலாற்றுக் கட்டுரைக்கு மட்டும் இந்த வடிவம் அவ்வளவாக உதவாது. ஏன் என்று காட்ட, நாம் தினமும் ஏறி இறங்கும் மகிழுந்திலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஏபிஎஸ் பிரேக் பொருத்தப்பட்ட உலகின் முதல் கார் எது?

இதற்கு 1966, 1971, 1978 என்று மூன்று விடை சொல்லலாம். மூன்றும் சரி. இந்த மூன்று ஆண்டுகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று உங்களால் நான்கு பத்தி எழுத முடிந்தால், கட்டுரை கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படின்னா விநாடிக்கு 25 மீட்டர். நல்ல மழை. முன்னால் போகும் லாரி திடீரென நிற்கிறது. நீங்கள் பதறிப்போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறீர்கள். பழைய பிரேக்காக இருந்தால் சக்கரம் நின்றுவிடும், கார் நிற்காது. சுழலாத சக்கரங்களின் மேல் கார் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். மெக்கானிக்குகள் “சக்கரம் லாக் ஆயிடுச்சு” என்று சொல்வது இதைத்தான்.

இதில் இரண்டு இழப்பு. உருளும் டயருக்குச் சாலையில் உள்ள பிடிப்பு, வழுக்கும் டயருக்கு இல்லை. ஆகவே கார் நிற்க வேண்டிய தூரம் பெரும்பாலும் கூடிவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம். முன்சக்கரம் உருண்டால்தான் ஸ்டீரிங் வேலை செய்யும். லாக் ஆன சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். பக்கத்தில் இடம் இருந்தும் நேரே போய் இடிப்பது இதனால்தான்.

பழைய ஓட்டுநர்களுக்கு இது தெரியும். “பிரேக்கை ஒரேயடியா மிதிக்காதே, விட்டு விட்டு மிதி” என்று அவர்கள் சொல்லிக் கொடுத்தது அதற்காகத்தான். நல்ல பாடம். ஆனால் பயந்துபோன மனிதன் ஒரு விநாடியில் எத்தனை தடவை விட்டு விட்டு மிதிப்பான்? தவிர, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பெடல். எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்த வேலையை ஒரு கருவியிடம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. 1928-இல் ஜெர்மனியில் கார்ல் வெசல் என்பவர் பிரேக் விசையைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1936-இல் போஷ் நிறுவனமும் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியது. இரண்டுமே காகிதத்தில் நின்றுவிட்டன. என்ன செய்ய வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. வழுக்கத் தொடங்கும் சக்கரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உணர்ந்து, பிரேக்கைத் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். அந்த வேகத்தில் உணரவும் முடிவெடுக்கவும் கூடிய கருவிதான் அன்று உலகத்தில் இல்லை. மாணவர்களே, ‘காப்புரிமை பெற்ற ஆண்டு’ வேறு, ‘பயன்பாட்டுக்கு வந்த ஆண்டு’ வேறு. தேர்வுத் தாளில் இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் இது பயன்பட்டது விமானத்தில். மழையிலும் பனியிலும் ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சக்கரம் லாக் ஆனால் டயர் தேய்ந்து வெடித்துவிடும். 1950களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மாக்ஸாரெட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் மின்னியல் எதுவும் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு சின்னக் கனச்சக்கரம் சுழலும். விமானச் சக்கரம் திடீரென மெதுவாகும்போது, கனச்சக்கரம் தன் வேகத்தில் முந்திப் போகும். அந்த வேறுபாடே ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எளிமையான கருவி, படம் வரைந்து காட்டினால் படிவம் ஒன்று மாணவருக்கும் புரியும்.

இந்த மாக்ஸாரெட்டைத்தான் 1966-இல் இங்கிலாந்தின் ஜென்சன் நிறுவனம் தன் எஃப்எஃப் என்ற காரில் பொருத்தியது. நம் கேள்விக்கு முதல் விடை இது. இயந்திர முறையில் இயங்கும் பூட்டுத்தடுப்பு பிரேக்கோடு விற்பனைக்கு வந்த முதல் கார். ஆனால் 1971 வரை மொத்தமே 320 கார்கள்தான் செய்தார்கள். விலையைக் கேட்டு ஓடியவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது விடை அமெரிக்காவில். 1971-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில், பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஷ்யூர் பிரேக் வந்தது. நான்கு சக்கரங்களையும் மின்னியல் முறையில் கண்காணித்தது. வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அதையும் யாரும் இன்று பேசுவதில்லை.

மூன்றாவது விடைக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்குதான் இருக்கிறது.

டெய்ம்லர் பென்ஸ் நிறுவனமும் ஹைடல்பெர்க் நகரின் டெல்டிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1970 டிசம்பரில் தங்கள் கருவியைச் செய்தியாளர்களுக்குக் காட்டின. டெல்டிக்ஸின் பொறியியலாளர் ஹைன்ஸ் லைபர் இதில் முன்னின்றார். காட்சி வெற்றி. கார் நின்றது, திரும்பியது, எல்லாரும் வியந்தார்கள். பிறகு எட்டு ஆண்டுகள் கடைக்கு எதுவும் வரவில்லை!

ஏன்? அந்தக் கருவிக்குள் கிட்டத்தட்ட 1,000 மின்னியல் பாகங்கள் இருந்தன. காருக்குள் இருக்கும் வெப்பம், அதிர்வு, ஈரம் எல்லாவற்றையும் அவை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்று கெட்டாலும் போச்சு. வானொலி கெட்டால் பாட்டு நிற்கும். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டால் உயிர் போகும். எட்டு ஆண்டு தாமதம் அவர்களுடைய சோம்பலால் வந்ததல்ல, பொறுப்பால் வந்தது என்றே நான் நினைக்கிறேன். செய்து காட்ட முடிந்த ஒன்றை, நம்பி விற்க முடியாது என்று ஒப்புக்கொண்டு காத்திருந்தார்கள்.

காத்திருந்தது இலக்கவியல் மின்சுற்றுகளுக்காக. போஷ் இந்தப் பணியை எடுத்துக்கொண்ட பிறகு, புதிய சில்லுகளின் உதவியால் 1,000 பாகங்கள் 140 ஆகக் குறைந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஓர் உணரி அளந்து சொல்லும். கணினி அதைப் பார்த்து, லாக் ஆகப் போகும் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை வால்வு மூலம் விடும், பிடிக்கும், மறுபடி ஏற்றும். இது விநாடிக்குப் பல தடவை நடக்கும். கருவி கெட்டால் என்ன? எச்சரிக்கை விளக்கு எரியும், சாதாரண பிரேக் எப்போதும்போல் வேலை செய்யும். 1978 ஆகஸ்ட்டில் ஸ்டுட்கார்ட் நகரின் உன்டர்டூர்க்ஹைம் பகுதியில் இது காட்டப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலிருந்து மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் கூடுதலாக 2,217.60 மார்க் கட்டினால் கிடைத்தது.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சின்ன விலகல். ஏபிஎஸ் என்ற சுருக்கம் ஆங்கிலத்தில் பிறந்ததாகத்தான் பலரும் நினைக்கிறோம். அது ஜெர்மன் மொழியின் ‘ஆன்டிப்ளோக்கியர்சிஸ்டேம்’ என்ற சொல்லின் சுருக்கம். ஆங்கிலேயர்கள் பிறகு அதே எழுத்துகளுக்குப் பொருந்துகிற மாதிரி தங்கள் மொழியில் ஒரு விரிவு செய்துகொண்டார்கள். தமிழில் ‘பூட்டுத்தடுப்பு பிரேக்’ என்று நான் எழுதுகிறேன். ‘பிரேக்’கைத் ‘தடுப்பு’ ஆக்கினால் ‘தடுப்புத் தடுப்பு’ என்று வந்து மாணவர் சிரிப்பார்கள். கலைச்சொல் வகுப்புக்கு நல்ல பயிற்சி, முயன்று பாருங்கள்.

சரி, இனிமேல் விபத்துகள் குறைந்திருக்க வேண்டும், இல்லையா?

1980களில் மூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே மாதிரி கார்கள். ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் உண்டு, மறுபகுதிக்கு இல்லை. ஏபிஎஸ் கார்கள் விபத்தில் சிக்கியது மற்றவற்றைவிடக் குறையவில்லை. பயணிகள் போல ஏறிய ஆய்வாளர்கள் ஓட்டுநர்களுக்குத் தெரியாமல் குறித்துக்கொண்டார்கள்: ஏபிஎஸ் கார் ஓட்டியவர்கள் வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பினார்கள், தடத்தை விட்டு விலகினார்கள். பிரேக் நல்லா இருக்கு என்ற தைரியம். பின்னர், பழுதுச் செலவில் ஒரு பங்கை ஓட்டுநரே கட்ட வேண்டும் என்று நிறுவனம் சொன்னதும் விபத்துகள் குறைந்தன!

இதை மட்டும் வைத்து ஏபிஎஸ் வீண் என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இன்னும் நுட்பமானது. உயிரிழப்பு இல்லாத விபத்துகள் கார்களுக்கு 6 விழுக்காடு குறைந்தன. உயிரிழப்பு விபத்துகளில் மட்டும் நிகர விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். மற்றவர் மேல் மோதுவது குறைந்தது. தானாகச் சாலையை விட்டு வெளியே பாய்வது கூடியது. யோசித்துப் பாருங்கள். முன்பு பதற்றத்தில் ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பினாலும் லாக் ஆன கார் கேட்காது. இப்போது கார் சொன்னபடி கேட்கிறது. கேட்டு, நேரே பள்ளத்துக்குள் போகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்கும், கரகர என்று சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. எடுக்கக் கூடாது. பழைய பாடமான ‘விட்டு விட்டு மிதி’ இங்கே பொருந்தாது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். அப்பா சொல்லிக் கொடுத்ததும் கார் எதிர்பார்ப்பதும் வேறு வேறாகிவிட்ட ஓர் இடம் இது.

பள்ளத்துக்குள் போகும் காருக்கு விடை தேடியவர்களில் ஒருவர், தானே பள்ளத்துக்குள் போனவர். 1989-இல் மெர்சிடிஸ் பொறியியலாளர் ஃபிராங்க் வெர்னர்-மோன், ஸ்வீடனின் பனிச் சாலையில் சோதனை ஓட்டத்தின்போது காரைச் சாலையோரப் பள்ளத்தில் விட்டார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் போடக் கருவி இருக்கிறதே, கார் சுழலத் தொடங்கும்போது சரியான ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தால் கார் நேராகிவிடாதா என்பது அவருடைய கேள்வி. போஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் ஸான்டன் தலைமையிலான குழுவும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இரு தரப்பும் சேர்ந்ததன் விளைவாக, 1995-இல் மெர்சிடிஸ் எஸ் 600 கூப்பே காரில் இஎஸ்பி என்ற நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வந்தது.

அது செய்வது இவ்வளவுதான்: ஸ்டீரிங் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்று ஓர் உணரி சொல்லும், அது ஓட்டுநரின் விருப்பம். கார் உண்மையில் எந்தப் பக்கம், எவ்வளவு சுழல்கிறது என்று இன்னோர் உணரி சொல்லும், அது நடப்பு. விருப்பமும் நடப்பும் ஒத்துப்போகாவிட்டால், கணினி ஒரு சக்கரத்தை மட்டும் லேசாகப் பிடித்து வித்தியாசத்தைச் சரிசெய்யும். வால்வும் பம்ப்பும் ஏபிஎஸ் வைத்த அதே அடுப்பு. சமையல் மட்டும் புதிது.

அதுவும் பணக்காரர் காரோடு நின்றிருக்கும், ஒரு சின்னக் கார் கவிழாமல் இருந்திருந்தால். 1997 அக்டோபர் 21-இல், ஸ்வீடனின் ‘டெக்னிகன்ஸ் வேர்ல்ட்’ இதழின் ராபர்ட் கோலின், மெர்சிடிஸ் புதிதாக இறக்கிய ஏ-கிளாஸ் காரைச் சோதித்தார். சாலையில் திடீரென எல்க் மான் குறுக்கே வந்தால் செய்வதுபோல், சடாரென்று ஒரு பக்கம் ஒடித்து மறுபக்கம் திருப்புவது அந்தச் சோதனை. கார் கவிழ்ந்தது. ‘எல்க் சோதனை’ என்ற பெயர் ஒரே வாரத்தில் உலகம் முழுக்கப் பரவியது. நிறுவனம் முதலில் சமாளித்துப் பார்த்தது, முடியவில்லை. விநியோகத்தை நிறுத்தி, காரின் அடிப்பாகத்தை மாற்றியமைத்து, எல்லா ஏ-கிளாஸ் கார்களுக்கும் இஎஸ்பியைக் கட்டாயப் பாகமாக்கியது. இப்படித்தான் அது முதல்முறையாக ஒரு சிறிய காருக்குள் நுழைந்தது. கூடுதல் விலை கொடுப்பவருக்கு மட்டும் என்று வைத்திருந்த பாதுகாப்பை எல்லாருக்கும் இறக்கிவைக்க ஓர் அவமானம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தத் தடவை புள்ளிவிவரம் சாதகமாக வந்தது. ஒற்றைக் கார் மட்டும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளின் அபாயத்தை நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. சட்டம் பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் 2011 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 நவம்பரில் புதிய மாதிரிகளுக்கும், 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். தானாகவே பிரேக் போடும் முறை அதற்கடுத்தது. வோல்வோ 2008-இல் எக்ஸ்சி60 காரில் நகர வேகத்துக்கென்று அதைக் கொண்டுவந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1985-இல் ஐரோப்பாவில் ஃபோர்ட் ஸ்கார்பியோ, எல்லா வகைகளிலும் ஏபிஎஸ் உடனேயே விற்பனைக்கு வந்தது. அதே 1985-இல்தான் நம்முடைய புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. சாகாவில் ஏபிஎஸ் இல்லை. அந்த விலைக்கு அன்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அப்போது நம் பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு கார் என்பதே பெரிய விஷயம்.

பிறகு 2011 இறுதியில் ஆசியான் என்சிஏபி தொடங்கப்பட்டது. மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் இதன் பின்னணியில் இருந்தது. காரை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் இந்தத் திட்டத்தில், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாத காருக்கு ஐந்து நட்சத்திரம் கிடையாது. நட்சத்திரத்தை விளம்பரத்தில் போட வேண்டுமே, நிறுவனங்கள் பொருத்தத் தொடங்கின. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி, எல்லா வகைகளிலும் இந்தக் கட்டுப்பாட்டோடு வந்தது. உயர்ந்த வகையில் தானியங்கி பிரேக்கும் இருந்தது. 2018 ஜூன் முதல் மலேசியாவில் புதிய மாதிரிக் கார்களுக்கு இது கட்டாயமானது. எஸ் 600 கூப்பேயிலிருந்து மைவிக்கு வந்து சேர 22 ஆண்டுகள்.

வகுப்பில் செய்ய ஒரு யோசனை: கரும்பலகையில் காலக்கோடு வரையச் சொல்லி, மேலே ‘செய்து காட்டிய ஆண்டு’, கீழே ‘சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆண்டு’ என்று இரண்டு வரிசையாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு மாணவர்கள் காரணம் எழுதட்டும். தொழில்நுட்பம், விலை, சட்டம், சில நேரம் வெட்கம். ‘முதல் கார் எது’ என்பதைவிட ‘நம்ம தெருவுக்கு எப்போது வந்தது’ என்ற கேள்வி அவர்களை நன்றாக எழுத வைக்கும்.

அந்தக் காலக்கோட்டில் மோட்டார் சைக்கிளையும் சேர்க்கச் சொல்ல மறக்காதீர்கள். மலேசியாவில் சாலையில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரண்டு சக்கரத்தில் முன்சக்கரம் லாக் ஆனால் வழுக்குவதோடு முடியாது, ஆள் கீழே விழுந்துவிடுவார். பிஎம்டபிள்யூ 1988-இலேயே கே100 மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் வைத்துவிட்டது. அப்போது அந்தக் கருவியின் எடை 11 கிலோ. இன்று ஒரு கிலோவுக்கும் குறைவான கருவி கிடைக்கிறது. நம் நாட்டில் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாதிரி மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஜனவரி என்று கெடு வைத்தார்கள். காலையில் உங்கள் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் கப்சாய்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலானவை 110 முதல் 135 சிசி வரைதான். அந்த வரம்புக்குள் அவை வரவில்லை.